டிரான்ஸ்மிட்டருக்கு முன்னால் ஒரு சைக்கிள்

காவிரிக் கடைமடையில் ஒரு சமுதாய வானொலியில், அதாவது ஊர் மக்களே பங்கெடுத்து நடத்தும் சின்ன எஃப்.எம். நிலையத்தில், ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். நிகழ்ச்சி உதவியாளராகச் சேர்ந்து, நிலையப் பொறுப்பு வரை வந்து, போன வருடம்தான் விலகினேன். புதிதாக ரேடியோ தொடங்க நினைக்கிறவர்கள் மாதத்துக்கு இரண்டு பேராவது கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். தொண்டு நிறுவனம், கல்லூரி, விவசாயிகள் சங்கம் என்று யாராக இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "டிரான்ஸ்மிட்டர் எங்க வாங்கினீங்க? ஸ்டுடியோவுக்கு எவ்வளவு ஆச்சு?"

என் பதில் அவர்களுக்குச் சப்பென்று போய்விடுகிறது. முதலில் ஒரு ரெக்கார்டரும் ஒரு சைக்கிளும் வாங்குங்கள் என்கிறேன். அந்த ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு தினமும் தெருத்தெருவாகப் போக ஒருவரை வைத்து, அவருக்கு ஒரு வருடச் சம்பளத்தை எடுத்துத் தனியாக வையுங்கள். மிச்சம் இருக்கிற பணத்துக்கு ஸ்டுடியோ கட்டினால் போதும்.

நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்தோம். அதனால் பட்டதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் ரேடியோ என்றாலே ஒரு மரியாதை உண்டு. 1960-களில் ஆடுதுறை 27 என்ற குறுவை ரகம் வந்தபோது, திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகள்தான் அதை வயல் வயலாகக் கொண்டுபோய்ச் சேர்த்தன. ரகத்தின் பெயரை யாரும் சொல்வதில்லை. 'ரேடியோ நெல்லு' என்றுதான் பேச்சு. என் தாத்தா கடைசி வரைக்கும் அப்படித்தான் சொன்னார். அவர் காலத்து ரேடியோ சொல்லும், ஊர் கேட்டுக்கொள்ளும். திருப்பி ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஒரு தபால் கார்டு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஊர் ஜனங்கள் கைக்கு மைக் வர ரொம்ப நாள் ஆயிற்று. கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை பற்றிய ஒரு வழக்கில்தான், 1995 பிப்ரவரியில், வான்வழி அலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்கும் ஏழு வருடம் கழித்து 2002 கடைசியில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் கதவு திறந்தது. 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். தொடங்கியது, நாட்டின் முதல் வளாக வானொலி அதுதான். தொண்டு நிறுவனங்களும் விண்ணப்பிக்கலாம் என்று 2006 நவம்பரில் விதி மாறியது. நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடியில் களஞ்சியம், பாம்பனில் மீனவர்களுக்கான கடல் ஓசை என்று நம் கரையோரத்தில் இன்று கேட்கிற குரல்களெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

இதில் எனக்கு எப்போதும் நினைவில் நிற்பது தெலங்கானாவின் மாச்னூர். ஜஹீராபாத் பக்கத்துச் சின்ன ஊர். அங்கே தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோவுக்கு ஒலிபரப்பு அனுமதி 2008-இல் கிடைத்தது. ஆனால் கருவிகள் அதற்குச் சுமார் பத்து வருடம் முன்பே அவர்கள் கையில் இருந்தன. அனுமதி வரட்டும் என்று அவர்கள் சும்மா உட்காரவில்லை. விதை, சிறுதானியம், பாட்டு, வைத்தியம் என்று பதிவுசெய்து, சங்கக் கூட்டங்களில் கேசட்டைப் போட்டுக் கேட்டு, அதைப் பற்றிப் பேசினார்கள். கர்நாடகத்தில் கோலார் மாவட்டம் பூதிக்கோட்டையிலும் இதே கதைதான். உரிமம் கிடைக்காத காலத்தில் 'நம்ம த்வனி' என்ற தங்கள் ரேடியோவைக் கேபிள் வழியாக வீடுகளுக்குக் கொடுத்தார்கள். டிரான்ஸ்மிட்டர் வருவதற்கு முன்பே அந்த இரண்டு ஊரிலும் ரேடியோ இருந்தது. எங்கள் ஊரில் டிரான்ஸ்மிட்டர் வந்து ஒரு வருடம் ஆன பிறகும் ரேடியோ வரவில்லை.

எங்களுக்கு அனுமதி கிடைக்கவே கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஆயிற்று. அமைச்சகத்தின் ஒப்புதல் கடிதம், அலைவரிசை ஒதுக்கீடு, கோபுரம் நிற்கும் இடத்துக்கான அனுமதி, ஒப்பந்தம், கடைசியாக இயக்க உரிமம் என்று ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு காத்திருப்பு. அந்த இரண்டு வருடத்தில் நாங்கள் செய்தது கட்டட வேலை மட்டும். கண்ணாடித் தடுப்பு, ஏசி, சுவரில் முட்டை அட்டை. (முட்டை அட்டை வெளியிலிருந்து வரும் சத்தத்தைத் தடுக்காது. அறைக்குள் எதிரொலியைக் குறைக்கப் பழைய பஞ்சு மெத்தையும் கனமான போர்வையும் தொங்கவிட்டால் அதைவிட நன்றாக வேலை செய்யும், செலவும் இல்லை. தெருச் சத்தத்தைத் தடுக்கக் கதவு இடுக்கையும் ஜன்னல் இடுக்கையும் அடைக்க வேண்டும். இது தெரியவே எங்களுக்கு ஆறு மாதம் பிடித்தது.) ஒரு தெருவிலும் ஒரு குரலும் பதிவு செய்யவில்லை. ஒலிபரப்பு தொடங்கிய அன்று எங்கள் கையில் இருந்தது மூன்று மணி நேர நிகழ்ச்சி. அதிலும் பாதி நேரம் நாங்களே பேசியது.

அறிவிப்பாளர்களாக ஐந்து பேரை எடுத்தார்கள், என்னையும் சேர்த்து. எல்லாரும் டிகிரி முடித்தவர்கள். பெருநகர எஃப்.எம். கேட்டு வளர்ந்த நாங்கள் மைக்கைப் பார்த்ததும் அந்த வேகத்திலேயே பேசினோம். தொடங்கி இரண்டு மாதம் இருக்கும். டீக்கடையில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "ஏம்மா, ஒங்க ரேடியோவுல பேசுற புள்ளைங்கல்லாம் எந்த ஊரு?" எல்லாரும் இந்த ஊர்தான் என்றேன். "அப்படித் தெரியலியேம்மா" என்று சொல்லிவிட்டு டம்ளரை வைத்துவிட்டுப் போனார். அன்று ராத்திரி என் குரலை நானே பதிவில் கேட்டேன். என் அம்மாவிடம் நான் அப்படிப் பேசுவது கிடையாது.

வாரத்துக்கு மூன்று நாள் வெளியே போவது என்று அதன் பிறகுதான் முடிவு செய்தோம். அப்போதும் ஒரு தப்பு நடந்துகொண்டே இருந்தது, எங்கள் கண்ணில் படாமல்.

ஒரு நாள் வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் குடியிருப்புத் தெருவிலிருந்து ஒரு அக்கா, ரேஷன் கடைக்குப் போகிற வழியில் நிலையத்துக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே வாங்க என்றோம். வாசல்படியிலேயே நின்றுகொண்டு கேட்டார்: "ஒங்க மைக்கு எங்க தெருவுக்கு வராதா பாப்பா? பாலம் தாண்டுனா காத்து இல்லியா?" நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்று மாலையே அதுவரை பதிவு செய்த எல்லாவற்றையும் எடுத்து, சுற்றுவட்டாரத்தின் வரைபடம் ஒன்றைச் சார்ட் பேப்பரில் வரைந்து, ஒவ்வொரு குரலுக்கும் ஒரு பொட்டு ஒட்டினோம். ஸ்டிக்கர் பொட்டு, கடையில் அட்டையாக விற்கிறதே, அதுதான். நிலையத்தைச் சுற்றி நான்கு தெருவிலும், பெரிய கோயில் தேரோடும் வீதியிலும், பஞ்சாயத்து அலுவலகத்தின் பக்கத்திலும் பொட்டு மேல் பொட்டாக நெருக்கியடித்து இருந்தது. வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒன்றுகூட இல்லை. மீனவர் குப்பத்தில் இரண்டு. அந்த இரண்டும் சங்கத் தலைவருடைய குரல்.

யாரும் திட்டம் போட்டு ஒதுக்கவில்லை. வண்டி எங்கே எளிதாகப் போகிறதோ, யார் கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுக்கிறார்களோ, அங்கே போனோம். ஊர் எப்படிப் பிரிந்து கிடக்கிறதோ அதே மாதிரி எங்கள் ரேடியோவும் பிரிந்து கிடந்தது. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும் என்று விதி சொல்கிறது. அந்தக் கணக்கு எங்களிடம் சரியாகவே இருந்தது. எந்த மக்கள் என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சார்ட் கடைசி வரை சுவரில் இருந்தது. மாதம் ஒரு தடவை புதுத்தாள் ஒட்டி முதலிலிருந்து பொட்டு வைப்போம். எங்கே வெற்றிடமோ, அடுத்த மாதம் அங்கே. அந்த அக்காவின் மகள் அப்போது பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அவளிடம் ஒரு ரெக்கார்டரைக் கொடுத்தோம். நாங்கள் போய்க் கேட்டபோது "எல்லாம் நல்லாத்தான் இருக்கோம்" என்று முடித்துக்கொண்டவர்கள், அவளிடம் தண்ணீர் வராத குழாயைப் பற்றியும், சுடுகாட்டுப் பாதையைப் பற்றியும், எந்த வயலில் எவ்வளவு கூலி என்பதைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசினார்கள். அந்தந்தத் தெருக்காரர் கையில் ரெக்கார்டர் இருக்க வேண்டும். எங்கள் நிலையத்தில் இதை ஏற்றுக்கொள்ளவைக்க நான் சண்டை போட்டேன். கருவி தொலைந்துவிடும், உடைந்துவிடும் என்றார்கள். ஒன்பது வருடத்தில் ஒன்றே ஒன்று பழுதானது. அதுவும் மழையில் நான் நனையவிட்டது.

இனி, பதிவு செய்யும்போது கற்றுக்கொண்ட சில.

மைக்கைப் பார்த்ததும் எல்லாருக்கும் மேடைத்தமிழ் வந்துவிடும். "அன்பார்ந்த நேயர்களே" என்று தொடங்குவார்கள். அதை நிறுத்தச் சொன்னால் வாயே திறக்கமாட்டார்கள். அதற்கு ஒரே வழி, கையில் வேலை இருக்கும்போது போவது. வலை பின்னும்போது, கீரை ஆயும்போது, பூக் கட்டும்போது. ஒரு அப்பாயி முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ரெக்கார்டரைப் பிடித்திருந்த கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டேன். பத்து நிமிஷம் மருமகளைப் பற்றிப் பேச்சு. பிறகு முறத்தை ஒரு தட்டுத் தட்டி, தவிட்டை ஊதிவிட்டு, நடவுப் பாட்டு ஒன்றைத் தானாகவே எடுத்தார். முறம் தட்டுகிற ஓசைதான் தாளம். நாற்பது வருடமாக அந்தப் பாட்டை அவர் பாடவில்லையாம். நடவுக்கு மிஷின் வந்த பிறகு யாருக்குப் பாடுவது என்று கேட்டார். அப்படிக் கிடைத்த ஒன்றை ஸ்டுடியோவில் கண்ணாடிக்குப் பின்னால் உட்காரவைத்து ஒருபோதும் வாங்க முடியாது.

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேராக இல்லாமல் தாடைப் பக்கமாகச் சற்றுச் சாய்ந்து இருக்கட்டும். அப்போதுதான் 'ப' வரும் இடங்களில் காற்று அடிக்காது. ரெக்கார்டரைப் பிடித்த விரலை அசைக்கவே கூடாது; அந்த உராய்வு பதிவில் இடி மாதிரி விழும். கடற்காற்று அடிக்கிற இடத்தில் ஸ்பாஞ்ச் உறை போதாது. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று உடம்பையே மறைப்பாக்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் என்றால் மின்விசிறியையும் பிரிட்ஜையும் நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். கிளம்பும்போது மறக்காமல் பிரிட்ஜைப் போட்டுவிட்டு வாருங்கள். ஒரு வீட்டில் பால் கெட்டு, அடுத்த முறை அந்தத் தெருவில் யாரும் கதவு திறக்கவில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால், யாரும் பேசாமல் அரை நிமிஷம் அந்த இடத்தின் அமைதியை மட்டும் பதிவு செய்யுங்கள். பிறகு வெட்டி ஒட்டும்போது இடைவெளியை நிரப்ப அதுதான் கைகொடுக்கும். நாங்கள் அதை 'டெஸ்ட்' என்று ஒரு தனி ஃபோல்டரில் போட்டுவைப்போம்.

யார் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள "எங்க ரேடியோ கேக்குறீங்களா?" என்று கேட்காதீர்கள். வீட்டுக்கு வந்த பிள்ளையின் முகம் கோணக்கூடாது என்று எல்லாரும் ஆமாம் என்பார்கள். "நேத்துக் காலையில என்ன போச்சு?" என்று கேளுங்கள். முதல் தடவை அப்படிக் கேட்டுப் பார்த்தபோது நூறு வீட்டுக்குப் பதினொரு வீட்டில்தான் பதில் வந்தது. ராத்திரி ஏழு மணிக்குச் சீரியலோடு போட்டி போட்டுக்கொண்டிருந்தோம். அதை விட்டுவிட்டு, விடியற்காலை ஐந்தரைக்கும், நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் ஜனங்கள் நிழலுக்கு உட்காரும் மதிய நேரத்துக்கும் மாற்றினோம். செல்போனில் எஃப்.எம். கேட்க ஹெட்போன் ஒயர்தான் ஆண்டெனா என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. ஒயரைச் செருகிக் காட்டியதே எங்கள் பெரிய விளம்பரம். இப்போது வரும் போன்கள் பலவற்றில் அந்த வசதியே இல்லை. 2023-இல் மத்திய அரசு, போன்களில் எஃப்.எம். வசதியை எடுத்துவிட வேண்டாம் என்று கம்பெனிகளுக்கு அறிவுறுத்தியது. அறிவுரையோடு நிற்காமல் அது கட்டாயமாக வேண்டும். ஏன் என்று கஜா புயல் சொல்லிக்கொடுத்தது.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். இலங்கையில் கொத்மலை சமுதாய வானொலி 1989-இல் தொடங்கியது. இணையம் யாருக்கும் எட்டாத 1999 வாக்கில், நேயர்கள் அனுப்பும் கேள்விகளுக்கு விஷயம் தெரிந்தவர்களை ஸ்டுடியோவில் உட்காரவைத்து, இணையத்தில் தேடி, ஒலிபரப்பிலேயே விளக்கம் சொன்னார்கள். அதைப் படித்துவிட்டு நாங்கள் ஐந்து டீக்கடைகளில் கேள்விப் பெட்டி வைத்தோம். எழுதத் தெரியாதவர்களுக்காகக் கடைக்காரரே எழுதிப் போடுவார். வியாழக்கிழமை கால்நடை மருத்துவர், அடுத்த வாரம் சுகாதார நிலைய நர்ஸ், அதற்கடுத்து பத்திரப்பதிவு தெரிந்த ஒருவர். ஒன்பது வருடத்தில் எங்கள் நிலையத்தில் ஒரு வாரம்கூட நிற்காத நிகழ்ச்சி இது ஒன்றுதான். செலவு, ஐந்து தகர டப்பா.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. முந்தின நாள் ராத்திரி வரைக்கும் எச்சரிக்கை சொல்லிக்கொண்டே இருந்தோம். மின்சாரம் போனதும் ஜெனரேட்டரைப் போட்டோம். மூன்று மணி வாக்கில் தலைக்கு மேல் ஒரு சத்தம் கேட்டது. இரும்பு முறுக்குகிற சத்தம். விடிந்ததும் பார்த்தால், 30 மீட்டர் கோபுரத்தின் மேல்பாதி மடங்கி, பக்கத்துத் தென்னந்தோப்பின் மேல் கிடந்தது. தோப்பும் கிடந்தது. அந்தப் பக்கமே தென்னை நின்ற இடமெல்லாம் வானம் தெரிந்தது.

ரேடியோ எதற்காக இருக்கிறதோ அந்த நாட்களில் எங்கள் ரேடியோ பேசவில்லை. ஆறு நாள். போன் கோபுரங்களும் செத்திருந்தன. எங்களிடம் மாற்று ஆண்டெனா இல்லை, மாற்றுக் கேபிள் இல்லை, டீசல் இருபது லிட்டர். இதை எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை. சுவருக்குக் கண்ணாடி போட்ட பணத்தில் பாதி இருந்திருந்தால் இவை எல்லாம் இருந்திருக்கும்.

அந்த ஆறு நாளும் எங்களைத் தாங்கியது நடைதான். மைக் செட் வாடகைக்கு விடுகிற அண்ணன் ஒருவர், பேட்டரியையும் குழாய் ஒலிபெருக்கியையும் ஆட்டோவில் கட்டிக் கொடுத்தார். ரெக்கார்டர் வைத்திருந்த எட்டுப் பிள்ளைகளும் தங்கள் தெருவில் என்ன தேவை, எங்கே பாதை அடைத்திருக்கிறது, எங்கே குடிதண்ணீர் லாரி நிற்கிறது என்று விசாரித்து வந்து சொல்ல, ஆட்டோ அதை ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனது. ஏழாம் நாள், கோபுரத்தில் நின்றிருந்த கீழ்ப்பாதியின் உச்சியில், வேறொரு நிலையத்து நண்பர்கள் கொண்டுவந்த ஆண்டெனாவை ஏற்றி, சக்தியைக் குறைத்து ஒலிபரப்பினோம். எங்கள் டிரான்ஸ்மிட்டர் 50 வாட். நல்ல நாளிலேயே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் எட்டும்; அப்போது ஐந்தாறு எட்டியிருக்கும். பேட்டரி போட்ட பழைய ரேடியோ வைத்திருந்தவர்கள் வாசலில் வைத்துச் சத்தமாகப் போட்டார்கள்.

அந்த வாரத்தில்தான் என் வேலையிலேயே பெரிய பிழையும் நடந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் தார்ப்பாய் கொடுக்கிறார்கள் என்று ஒருவர் வந்து சொன்னார். நல்ல மனிதர், பொய் சொல்கிறவர் இல்லை. அவரிடம் இன்னொருவர் சொல்லியிருக்கிறார். உடனே ஒலிபரப்பினேன். இருநூறு பேருக்கு மேல் அங்கே போய், இருட்டும் வரை நின்றுவிட்டுத் திரும்பினார்கள். கைக்குழந்தையோடு நான்கு கிலோமீட்டர் நடந்து வந்த ஒரு பெண், மறுநாள் நிலையத்துக்கு வந்து என்னைத் திட்டக்கூட இல்லை. "ரேடியோவுல சொன்னீங்களேன்னு வந்தேங்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அன்றைக்கே மூன்று விஷயம் எழுதி மைக்குக்கு மேலே ஒட்டினேன். கண்ணால் பார்த்தவர் ஒருவர், அந்த வேலைக்குப் பொறுப்பானவர் ஒருவர் என்று இரண்டு பேரிடம் உறுதி செய்யாமல் எதுவும் போகக்கூடாது. ஒவ்வொரு தகவலுக்கும் நேரம் சொல்ல வேண்டும், 'காலை ஒன்பது மணி நிலவரம்' என்று. தப்பாகப் போனதை எத்தனை தடவை சொன்னோமோ அத்தனை தடவைக்குக் குறையாமல் திருத்தமும் போக வேண்டும்.

சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி சொல்லக்கூடாது. ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம் என்பது விதி. வானிலை, இயற்கைச் சீற்றம், குடிநீர், மின்சாரம், சுகாதார எச்சரிக்கை போன்றவை செய்திக் கணக்கில் வராது. அதனால் புயல் நேரத்தில் எங்களுக்குத் தடை இருக்கவில்லை. ஆனால் கிராமசபையில் என்ன தீர்மானம் போட்டார்கள் என்பதைச் சொல்ல ஒவ்வொரு முறையும் வார்த்தையை அளந்து பேச வேண்டியிருந்தது. தன் ஊர்க் கிராமசபையைப் பற்றிப் பேச ஒரு ஊர் ரேடியோவுக்கு உரிமை வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கோபுரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. கடலோரத்தில் உப்புக்காற்று கேபிள் இணைப்புகளைத் தின்றுவிடும். ஆண்டெனாவிலிருந்து திரும்பி வரும் சக்தியைக் காட்டும் அளவீடு ஒன்று டிரான்ஸ்மிட்டரில் இருக்கும். அதைத் தினமும் காலையில் ஒரு நோட்டில் குறித்துவைத்தால், இணைப்பில் தண்ணீர் இறங்குவது கருவி எரிவதற்கு முன்பே தெரிந்துவிடும். ஊரிலேயே உயரமான இரும்பு நம்முடையது என்பதால், இடி முதலில் நம்மிடம்தான் வரும். எர்த் குழியில் கோடைக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்.

பணம். சமுதாய வானொலிக்கு விளம்பர நேரம் மணிக்கு 5 நிமிஷம் என்று இருந்து, 7 ஆகி, 2024-இல் 12 ஆகியிருக்கிறது. அரசு விளம்பரத்துக்கு 10 விநாடிக்கு 74 ரூபாய் என்று அதே வருடம் உயர்த்தினார்கள். நல்லதுதான். ஆனால் ஓடி முடித்த விளம்பரத்துக்குப் பணம் வர ஒரு இடத்தில் எங்களுக்குப் பதினான்கு மாதம் ஆயிற்று. அதை நம்பிச் சம்பளத் தேதி வைக்காதீர்கள். எங்களைக் காப்பாற்றியது ஊர்க்காசு: சைக்கிள் கடை, விதைக்கடை, பிறந்தநாள் வாழ்த்து, மகளிர் குழுக்கள் மாதம் கொடுத்த ஐம்பது ரூபாய். தொண்டர்கள் இலவசமாகச் செய்வார்கள் என்று கணக்குப் போடுவதும் வேண்டாம். வீட்டில் வசதி இருக்கிறவர்கள்தான் இலவசமாக வேலை செய்ய முடியும். கொஞ்ச நாளில் சார்ட்டில் பொட்டு மறுபடியும் பழைய தெருக்களுக்கே திரும்பிவிடும். கூலி வேலையை விட்டுவிட்டு ரெக்கார்டரோடு ஒரு நாள் போகிறவருக்கு அந்த நாள் கூலி கொடுக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஒலிபரப்பியதை மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் ஹார்ட் டிஸ்க் நிரம்பி வழிந்த ஒரு நாளில், மூன்று மாதம் தாண்டியதையெல்லாம் அழித்தோம். அழித்தது நான்தான். இடம் கிடைத்தது என்று அப்போது நிம்மதியாக இருந்தது.

இரண்டு வருடம் கழித்து ஒருவர் பென் டிரைவோடு வந்தார். திருப்பூரில் வேலை. அவருடைய அப்பாயி இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது. "எங்க அப்பாயி ஒங்க ரேடியோவுல பாடுனாங்களாம். ஊருல எல்லாரும் சொல்றாங்க. நான் கேட்டதே இல்ல" என்றார். முறத்தில் கல் பொறுக்கிய அப்பாயி. நான் தேடினேன். பாட்டு இல்லை, பேட்டி இல்லை. எங்கேயாவது பிரதி இருக்குமா என்று பழைய கம்ப்யூட்டரையும் திறந்து பார்த்தேன்.

'டெஸ்ட்' ஃபோல்டரை மட்டும் அழிக்க மறந்திருந்தேன். அதில் அந்தத் தேதியில் நாற்பது விநாடி இருந்தது. முதலில் காக்கை. தூரத்தில் பம்புசெட். அரிசி முறத்தில் உருளுகிற ஓசை. பிறகு அவர் குரல், "என்னாடி பாப்பா, பேசட்டுமா? லைட்டு எரியுதா அதுல?" அதற்கு நான், "ஒரு நிமிஷம் அப்பாயி, சும்மா இருங்க" என்கிறேன். "சரி சரி" என்கிறார். மறுபடியும் முறம்.

அந்தத் தம்பி ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். மூன்றாவது தடவை தானே பட்டனை அழுத்தினார். பிறகு ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, பென் டிரைவை என்னிடம் நீட்டினார்.

"இதுவே போதுங்கக்கா" என்றார். "இந்த முறம் இன்னும் வீட்டுல இருக்கு."